உரோமம் முற்றும் வரை பொறுத்திருங்கள்: பொறிவேட்டைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சட்டப்படி வேட்டைப் பருவம் திறக்கும் நாளும் விலங்கின் உரோமம் முற்றும் நாளும் ஒன்றல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பொறிவைக்கத் தொடங்கும் புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். அக்டோபரிலேயே பல விலங்குகளுக்குப் பருவம் திறந்துவிடுகிறது. உரிமம் கையில் இருக்கிறது, ஓடைக்கரையெங்கும் தடங்கள் தெரிகின்றன, பொறியை வைத்தால் விலங்கும் விழுகிறது. ஆனால் உரித்துப் பார்த்தால் தோலின் உட்புறம் கருநீலமாக இருக்கிறது. அத்தகைய தோலுக்குச் சந்தையில் விலை அடிமட்டம். பால் பிடித்த கதிரை எந்த உழவரும் அறுக்க மாட்டார். இங்கே போவதோ ஓர் உயிர். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

எந்த விலங்கின் உரோமம் எப்போது, ஏன் முற்றுகிறது, அதைக் கையில் எடுத்து எப்படிக் கண்டுகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். பொறிவைக்கும் நுட்பத்தை இங்கே சொல்லப்போவதில்லை. அதை அனுபவமுள்ள ஒருவரோடு காட்டில் நடந்துதான் கற்க வேண்டும்.

முதலில் சட்டம்

பயிற்சி வகுப்பிலேயே விரிவாகச் சொல்லித்தருவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்டாரியோவில் உரிமம் பெற அதற்குரிய பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அரசு நிலத்தில் பொறிவைக்கும் பகுதிகள் தனித்தனியே பதிவு செய்யப்பட்டவை. ஒருவருடைய பகுதிக்குள் இன்னொருவர் நுழைய முடியாது. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். சில விலங்குகளில் எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் 1990களின் இறுதியில் செய்துகொண்ட மனிதநேயப் பொறிவேட்டைத் தர ஒப்பந்தத்தின்படி சான்று பெற்ற பொறிகளையே அந்த ஒப்பந்தத்தில் அடங்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த வேண்டும். தேதிகளும் வரம்புகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் அந்த ஆண்டின் அரசு அறிவிப்பைப் படித்துவிட்டே கிளம்புங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பட்டியலிடப்பட்ட காட்டு விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இக்கட்டுரை முழுவதும் கனடாவுக்கு உரியது.

முற்றிய தோல் என்பது என்ன

குளிர்நாட்டு விலங்கின் உரோமம் இரண்டு அடுக்காக இருக்கும். தோலை ஒட்டி நெருக்கமாக, பஞ்சுபோல் வளர்வது அடிமயிர். உடல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது அதுதான். அதற்கு மேலே நீண்டு, பளபளப்பாகப் படிந்திருப்பது மேல்மயிர். நீரையும் பனியையும் அது தடுக்கிறது. கோடையில் அடிமயிர் மெலிந்தும் மேல்மயிர் குட்டையாகவும் இருக்கும். கோடை முடியும் வேளையில் பழைய மயிர் உதிரத் தொடங்கி, குளிர்காலப் போர்வை அடியிலிருந்து முளைக்கிறது.

மயிர் வளர்ந்துகொண்டிருக்கும்போது அதற்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி வேர்ப்பகுதியில் திரண்டிருக்கும். தோலின் உட்புறம் அப்போது நீலமாகவோ கருமையாகவோ தெரிவதற்கு அதுவே காரணம். மயிர் முழு நீளத்தை எட்டியதும் நிறமி மயிரோடு மேலே போய்விடுகிறது, வேர் ஓய்வுக்கு வருகிறது, தோலின் உட்புறம் பாலேடு நிறத்துக்கு வெளுக்கிறது. வணிகர்கள் பிரைம் என்று சொல்லும் தோல் இதுதான். அடிமயிர் அடர்ந்து, மேல்மயிர் நீண்டு, வேர் இறுகி, உட்புறம் வெளுத்த தோல். முற்றாத தோலில் இவற்றில் ஏதோ ஒன்று குறையும். பதனிடும்போது மயிர் உதிர்வதும் பெரும்பாலும் அதில்தான்.

முற்ற வைப்பது குளிரல்ல, இரவின் நீளம்

நல்ல குளிர் விழுந்தால்தான் உரோமம் முற்றும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நவம்பர் வெதுவெதுப்பாக இருந்தால் இந்த ஆண்டு தோல் சரியில்லை என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை. உரோமத்தின் கடிகாரம் ஒளியில் ஓடுகிறது. கண் வழியாக வரும் ஒளியின் அளவைக் கொண்டு மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீள நீள அது சுரக்கும் நேரமும் நீள்கிறது. அதற்கேற்ப புரோலாக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. குளிர்கால உரோமம் வளர்வதற்கான கட்டளை அதுதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1930களில் அமெரிக்க உயிரியலாளர் பிசனெட், மிங்க் எனப்படும் கீரியைப் போன்ற சிறு விலங்குகளுக்குக் கோடையிலேயே பகல் வெளிச்சத்தைச் செயற்கையாகக் குறைத்தார். அவற்றின் குளிர்கால உரோமம் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது. பிற்காலத்தில் மிங்க் பண்ணைகளில் மெலடோனின் குளிகையைத் தோலுக்கடியில் வைத்து உரோமத்தை முன்கூட்டியே முற்றவைக்கும் வழக்கம் வந்ததும் இதே அடிப்படையில்தான். ஆய்வகம் வேண்டாம், காட்டிலேயே பார்க்கலாம் என்றால் பனிமுயலைப் பாருங்கள். பனி தாமதமாகும் ஆண்டுகளில் பழுப்பு நிலத்தின் மேல் வெள்ளை வெளேரென்று அது உட்கார்ந்திருக்கும். குளிரும் பனியும் வராவிட்டாலும் நாட்காட்டிப்படி அது நிறம் மாறிவிடுகிறது.

குளிருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அது நாட்களைச் சற்று முன்பின் தள்ளக்கூடும். ஆனால் அக்டோபர் நடுவில் ஒரு வாரம் கடும் உறைபனி வந்துவிட்டது, தோல் முற்றியிருக்கும் என்று நம்பிப் பொறியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

செப்டம்பர் சமநாளுக்குப் பிறகு வடக்கே போகப் போகப் பகல் வேகமாகச் சுருங்குகிறது. ஹட்சன் விரிகுடாப் பக்கம் உள்ள விலங்குக்குக் குளிர்காலப் போர்வை முன்னதாக வருகிறது, அடர்த்தியும் கூடுதல். தெற்கே ஈரி ஏரிக்கரையில் அதே இனத்துக்குச் சில வாரங்கள் பிந்தும். ஆகவே வேறு ஊர்க்காரர் சொன்ன தேதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பகுதியில் நீண்டகாலமாகப் பொறிவைப்பவரையோ அங்கே தோல் வாங்குபவரையோ கேளுங்கள்.

ஒளி கட்டளையிட்டாலும் போர்வையை நெய்ய உடலில் சரக்கு வேண்டும். மயிர் என்பது கெரட்டின், அதாவது புரதம். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை விலங்கு நன்றாகத் தின்றதா என்பது உரோமத்தில் அப்படியே தெரியும். இளைத்த விலங்கின் மயிர் மங்கி, தட்டையாகப் படிந்து கிடக்கும். கோடை முழுவதும் பாலூட்டிய தாய்க்குப் போர்வை பிந்தலாம். தாமதமாகப் பிறந்த ரக்கூன் (மரப்பொந்தில் தங்கும், வாலில் வளைய வரிகளுள்ள விலங்கு) குட்டி, தாய் முற்றிய பிறகும் முற்றாமல் இருக்கலாம். ஒரே மரப்பொந்தில் குடியிருக்கும் இரண்டு விலங்குகளின் தோல் ஒரே தரத்தில் இராது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விலங்கு எப்போது

கீழே வரும் தேதிகள் பொதுவாகத் தென்கனடாவுக்கும் அமெரிக்காவின் வட எல்லை மாநிலங்களுக்கும் பொருந்துபவை. வடகாடுகளுக்கு இன்னும் சற்று முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முற்றுவது மிங்கின் உறவான மார்ட்டன் முதலிய சிறிய காட்டு விலங்குகள். வடகாட்டில் நவம்பர் முதல் பாதியிலேயே மார்ட்டன் தயாராகிவிடும். குளிர்காலத்தில் அதன் பாதங்களின் அடியிலும் மயிர் அடர்ந்துவிடுகிறது. அடுத்து மிங்க். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய அதன் காலம். மிங்கைப் பொறுத்தவரை அவசரத்தைப்போலவே தாமதமும் தவறு. குளிர்காலம் நீள நீள அதன் நிறம் மங்கிப் பளபளப்பு போய்விடும்.

செந்நரி, கொயோட்டி (ஓநாயை ஒத்த, அதைவிடச் சிறிய விலங்கு), ரக்கூன் மூன்றுக்கும் நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் இறுதி வரை நல்ல காலம். ஜனவரிக்குப் பிறகு நரிக்கு இனச்சேர்க்கைக் காலம் வந்துவிடுகிறது. பனியில் படுத்து எழுவதாலும் ஒன்றையொன்று உரசுவதாலும் இடுப்பிலும் பின்பக்கத்திலும் மேல்மயிர் முறிகிறது. பொந்துக்குள் நுழைந்து நுழைந்து வெளிவரும் ரக்கூனுக்கும் தேய்மானம் உண்டு. லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை டிசம்பரிலும் ஜனவரியிலும் சிறப்பாக இருக்கும்.

நீர்வாழ் விலங்குகளின் கணக்கு வேறு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இவற்றில்தான். ஓடையில் அணை கட்டி வாழும் பெரிய கொறிவிலங்கான பீவர் அக்டோபரில் எளிதாகச் சிக்கும். குளிர்காலத்துக்கு மரக்கிளைகளைச் சேமிக்கும் பரபரப்பில் எந்நேரமும் வெளியே உலவிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் தோல் முழுமையடைவது ஜனவரி முதல் மார்ச் வரை. சதுப்பு நீரில் வாழும் சிறிய கொறிவிலங்கான மஸ்க்ராட் இன்னும் பிந்தியது. பிப்ரவரி இறுதியும் மார்ச்சும்தான் அதன் உச்சம். அதற்குப் பின் ஆண் விலங்குகள் இடத்துக்காகக் கடித்துக்கொள்ளும். தோலில் பல் பதிந்த ஓட்டைகள் விழும். நீர்நாய்க்குக் காலம் நீளமானது, குளிர்காலம் முழுவதும் நன்றாக இருக்கும். ஆனால் பிற்பகுதியில் மேல்மயிரின் நுனி தீயில் காட்டியதுபோல் சுருண்டுவிடலாம். தரம் பிரிப்பவர்கள் அதை உடனே ஒதுக்கிவிடுவார்கள்.

பீவர் விஷயத்தில் வரலாறே சாட்சி. 1670இல் உரோம வணிகத்துக்காகத் தொடங்கிய ஹட்சன் விரிகுடாக் கம்பெனி தன் வணிகத்துக்கு அளவுகோலாக வைத்திருந்தது நன்கு முற்றிய, வளர்ந்த குளிர்கால பீவர் தோல் ஒன்றை. துப்பாக்கி, கம்பளி, கெண்டி என எதற்கும் விலை சொன்னது அந்த அளவில்தான். 1821இல் போட்டிக் கம்பெனியோடு இணைந்த பிறகு, ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் கோடையில் பிடித்த பீவர் தோலை வாங்குவதைத் தடுக்க முயன்றார். தரம் ஒரு காரணம். குட்டிகளை வளர்க்கும் பருவத்தில் கொன்றால் அடுத்த ஆண்டுக்கு விலங்கே மிஞ்சாது என்பது மற்றொரு காரணம். அந்த நிலத்தின் பழங்குடிகளான கிரீ, அனிஷினாபே மக்களோ பருவமறிந்து வேட்டையாடுவதைக் கம்பெனி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வழக்கமாகக் கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. நவம்பரில் மிங்குக்காக ஓடைக்கரையில் பொறிவைத்தால் அதே வழியில் போகும் மஸ்க்ராட்டும் விழும். மிங்க் முற்றியிருக்கும், மஸ்க்ராட் முற்றியிருக்காது. எனவே மஸ்க்ராட் வளைகளுக்கும் அது உணவருந்தும் திட்டுகளுக்கும் அருகே நவம்பரில் பொறிவைக்காதீர்கள். நில விலங்குக்கு நவம்பர், டிசம்பர்; பீவர், மஸ்க்ராட் போன்ற நீர் விலங்குக்கு ஜனவரி முதல் என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டால் பாதிப் பிழை தானாகக் குறையும்.

எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால் பீவரைச் சொல்வேன். முற்றிய காலம் நீளமானது, நிதானமாகக் கற்கலாம், இறைச்சியும் வீணாகாது. ஒரே எச்சரிக்கை: பனிக்கட்டியின் மேல் வேலை. பீவர் கூட்டைச் சுற்றியும் நீர் ஓடும் இடத்திலும் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும். தனியாகப் போகாதீர்கள், ஒவ்வோர் அடிக்கும் கடப்பாரையால் தட்டிப் பார்த்து நடங்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள்

முதல் வாரம் எல்லாப் பொறிகளையும் ஒன்றாக வைக்க வேண்டாம். இரண்டு மூன்று வைத்து, முதலில் கிடைத்த தோலைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள். நீலமாக இருந்தால் அத்தனையையும் எடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள். இந்த ஒரு பழக்கத்தைத்தான் நான் யாரிடமும் வற்புறுத்துவேன்.

நவம்பர் தொடக்கத்தில் கிடைத்த மிங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. வால் புசுபுசுவென்றிருக்கும், முதுகு மினுங்கும். மயிருக்கு எதிர்த்திசையில் முதுகில் மெல்ல ஊதுங்கள். முற்றிய இடத்தில் மேல்மயிர் விலகி, அடியில் சாம்பல் பூத்த அடர்ந்த அடிமயிர் வட்டமாகத் தெரியும். தோல் கண்ணில் படாது. அப்படியே ஊதிக்கொண்டு தோள் வரை வாருங்கள். பிடரிக்கு அருகே அடிமயிர் விலகித் தோல் எட்டிப்பார்த்தால் அது இன்னும் முற்றவில்லை. மிங்குக்கு இலையுதிர்காலத்தில் புது மயிர் வாலில் தொடங்கித் தலையை நோக்கி வருகிறது. ஆகவே கடைசியாக முற்றுவது பிடரியும் தலையும்தான். உரித்து உட்புறத்தைத் திருப்பினால் இடுப்பு வெளுத்திருக்க, தோள்பட்டையில் மட்டும் மை சிந்தியதைப்போல ஒரு கருந்திட்டு நிற்பதைக் காணலாம். வசந்தத்தில் மயிர் உதிர்வது தலையில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும். மார்ச்சில் கிடைத்த தோலைத் தலையிலிருந்து சோதியுங்கள்.

வெள்ளை மயிருள்ள இடத்தில் இந்த நிறச் சோதனை செல்லாது. நிறமியே இல்லாத இடத்தில் நீலம் எப்படித் தெரியும்? எனவே வயிற்றை விட்டுவிட்டு முதுகையும் பக்கங்களையும் பாருங்கள். உரித்த உடனேயே, வெளிச்சத்தில் பார்ப்பதும் முக்கியம். கொழுப்பு படிந்திருந்தாலோ உலர்ந்து மஞ்சளித்துவிட்டாலோ ஏமாற நேரிடும்.

கூண்டுப்பொறியில் உயிரோடு அகப்பட்ட விலங்கென்றால் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. வால் மெலிந்து, மேல்மயிர் குட்டையாக, உடல் ஒல்லியாகத் தெரிந்தால் திறந்துவிடுங்கள். அவ்வாறு செய்ய முடிய வேண்டுமானால் நாள்தோறும் பொறிகளைப் பார்த்தாக வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர் பொறியே வைக்கக் கூடாது.

முற்றிய தோலையும் கெடுப்பவை

நாள் சரியாக இருந்தும் தோல் தரமிழக்கலாம். உரசலையும் கடியையும் மேலே சொன்னேன். பிப்ரவரி, மார்ச் வெயில் பனியில் பட்டுத் தெறிக்கும்போது நரியின் செம்மை வெளிறிவிடும். நரியிலும் கொயோட்டியிலும் சொறி நோயைக் கவனியுங்கள். சார்காப்டிஸ் என்ற சிற்றுண்ணி தோலைத் துளைப்பதால் மயிர் கொத்தாக உதிர்ந்து, தோல் தடித்துப் பொருக்குக் கட்டும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள், மற்றத் தோல்களோடு சேர்த்து வைக்காதீர்கள். மனிதருக்கும் அரிப்பு வரும், வீட்டு நாய்க்கும் தொற்றும்.

இதற்குப் பின் தோலைக் கெடுக்கக்கூடியது நம் கைதான். பொறியிலிருந்து எடுத்ததும் ஒட்டுப்புல், சேறு, இரத்தம் எல்லாவற்றையும் நீக்குங்கள். இரத்தத்துக்குக் குளிர்ந்த நீர். வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். மயிர் உலர்ந்த பிறகு சீப்பால் வாரிவிட்டு உரியுங்கள். உடல் வெப்பத்தோடு குவித்து வைத்தால் வயிற்றுப்பக்கம் பச்சை நிறமேறி மயிர் கழன்றுவிடும். கொழுப்பைச் சுரண்டும்போது, குறிப்பாக முற்றாத தோலில், கத்தியை அழுத்தாதீர்கள். வேர்கள் தோலின் உட்புறம் வரை இறங்கியிருக்கும். அவை அறுபட்டால் மறுபக்கத்தில் மயிர் கையோடு வரும்.

தோலை உலர்த்தப் பலகையில் இழுத்து மாட்டும்போது ஓர் அங்குலம் கூட்டிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இழுக்க இழுக்க உரோமத்தின் அடர்த்தி குறைகிறது. அளவில் ஒரு படி ஏறி, தரத்தில் இரண்டு படி இறங்குவீர்கள். மஸ்க்ராட், மிங்க், ரக்கூன் தோல்களை மயிர் உட்புறமாக இருக்கும்படி உலர்த்துகிறார்கள். நரி, கொயோட்டி தோல்களைப் பாதி உலர்ந்ததும் மயிர் வெளியே வரும்படி திருப்புகிறார்கள். பீவரை மட்டும் வயிற்றின் நடுவே கீறி நீள்வட்டமாக விரித்து ஆணியடிப்பது வழக்கம். எதுவானாலும் காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறையில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

ஒரு குறிப்பேடு

ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: விலங்கு, இடம், தேதி, ஆணா பெண்ணா, இளையதா முதிர்ந்ததா, உட்புறத்தின் நிறம், நீலம் நின்ற இடம். ஏலத்துக்கு அனுப்பும் தோலில் எண்ணிட்ட சீட்டு கட்டியிருக்கும். அந்த எண்ணையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். ஒன்டாரியோவில் நார்த் பே நகரிலுள்ள ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஏல நிலையத்துக்குத்தான் பலரும் அனுப்புகிறார்கள். விற்பனை முடிந்து கணக்குச் சீட்டு வந்ததும், எந்தத் தோலுக்கு என்ன தரம், என்ன விலை என்பதை உங்கள் வரிகளோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் ஓடையில் மிங்க் நவம்பர் 10இல் முற்றுகிறதா, 20இல் முற்றுகிறதா என்பதைச் சொல்லும் புத்தகம் கடையில் கிடைக்காது. சில பருவங்கள் போனதும் அது உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும். அடுத்த ஆண்டு முதல் பொறியை எந்த நாளில் வைப்பது என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.